நீ அனுப்பிய பட்டியலுக்கு அப்பாவின் பதில்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

உனக்கு முதல் தடவையாக வலிப்பு வந்ததே, அது எதனால் வந்திருக்கும் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலை மத்தியானம் நம்ம மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு நிதானமாகப் படித்தேன். பதிலையும் அதிலேயே தட்டியிருக்கலாம். ஆனால் நீ அதை ராத்திரி ஒரு மணிக்குப் பார்ப்பாய், பார்த்த கையோடு இன்னும் நாலு விஷயத்தை நெட்டில் தேடுவாய், அன்றைய தூக்கம் போய்விடும். இப்போதைக்கு உனக்குக் கெடவே கூடாதது தூக்கம்தான். அதனால் காகிதத்தில் எழுதி கூரியரில் போடுகிறேன். பகலில் படி.

பட்டியலுக்கு மேலே ‘நான் என்ன தப்பு பண்ணேன்’ என்று தலைப்பு வைத்திருக்கிறாய். அதை முதலில் அடித்துவிடு. மற்றபடி பட்டியல் நன்றாகவே இருக்கிறது. மொபைல், தூக்கம், காபி, சாப்பிடாமல் இருந்தது, சாயங்காலம் தலைக்குக் குளித்தது, முட்டைக்கோஸ், மாதவிடாய், ஆபீஸ் டென்ஷன், கடைசியில் போகிற போக்கில் ‘கால் வலி மாத்திரை, பக்கத்து ரூம் அக்கா கொடுத்தது’. ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று புரிய வேண்டும். வலிப்புக்குக் காரணமாக இருப்பது வேறு, அதைத் தூண்டிவிடுவது வேறு.

மூளைக்குள் நரம்பணுக்கள் மின்சாரத்தில்தான் பேசிக்கொள்கின்றன. சில வேளை ஒரு பெருங்கூட்டம் அணுக்கள் கட்டு மீறி ஒரே சமயத்தில் இயங்கிவிடும். நினைவு போகும், கை கால் வெட்டி இழுக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே அடங்கும். எந்த அளவில் கட்டு மீறும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. நம்ம தென்பெண்ணையை வைத்துச் சொல்கிறேன். மழை மட்டும் பெய்தால் ஆறு தாங்கிக்கொள்ளும். சாத்தனூர் அணையில் கொஞ்சம் திறந்தாலும் தாங்கும். மேலே அணை திறப்பு, இங்கே விடாத மழை, கடல் பொங்கி முகத்துவாரம் தண்ணீரை வாங்காத நேரம், மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் கரை வழிந்துவிடும். கரை தாழ்ந்த இடத்தில் இதில் ஒன்றே போதும். உயரமான இடத்தில் மூன்றும் சேர்ந்தாலும் ஊருக்குள் சொட்டுத் தண்ணீர் வராது. மூளையில் பழைய தழும்பு, கட்டி, பிறப்பிலேயே வந்த அமைப்பு, இவையெல்லாம் கரையின் தாழ்வு. தூக்கமின்மை, காய்ச்சல், சில மருந்துகள், இவையெல்லாம் தண்ணீர். நீ எழுதியிருப்பதில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே தண்ணீர்க் கணக்கு. கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் உனக்கு மூளையைப் படம் பிடிக்கிற எம்.ஆர்.ஐ.யும், அதன் மின்சார அலையைப் பதிவு செய்கிற ஈ.ஈ.ஜி.யும் எடுத்தார்கள்.

மொபைலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. ஒளி மின்னி மின்னி வலிப்பு வருவது உண்டுதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு டிவி கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் பிள்ளைகளை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு மூன்று பேர் போலத்தான் இந்த வகை. ஈ.ஈ.ஜி. எடுக்கும்போது கண்ணுக்கு நேரே ஒரு விளக்கை மின்ன விட்டார்கள் என்று சொன்னாயே, அது இதைப் பார்க்கத்தான். உன் மூளை அதற்கு அசையவில்லை. மொபைல் செய்த கெடுதல் வேறு. ராத்திரி இரண்டு மணிவரை உன்னை முழித்திருக்க வைத்தது. காபியும் அப்படித்தான். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் குடிப்பதை டாக்டரும் தடுக்கவில்லை, நானும் தடுக்கமாட்டேன். தூக்கத்தை விரட்ட டப்பாவில் வருகிற அந்த எனர்ஜி டிரிங்க்கை மட்டும் விட்டுவிடு.

சாப்பிடாமல் இருந்தது. சர்க்கரை ரொம்ப இறங்கினால் வலிப்பு வரும், உண்மை. ஆனால் அது பெரும்பாலும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வருகிற ஆபத்து. உனக்குக் கேஷுவாலிட்டியில் குத்திப் பார்த்தபோது 104 இருந்தது. ரத்தத்தில் இருக்கிற உப்பான சோடியம் ரொம்ப இறங்கினாலும் வலிப்பு வரும், உனக்கு அது 139. அது 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும், இருக்கிறது. இந்த இரண்டும் காரணம் இல்லை என்று ஆயிற்று.

சாயங்காலத் தலைக்குளியல் உங்க பெரியத்தை சொல்லித்தான் பட்டியலில் ஏறியிருக்கும். அவங்க பேச்சை முழுக்கத் தள்ளவும் முடியாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றும்போது வருகிற ஒரு வகை வலிப்பு இருக்கிறது. உலகத்திலேயே அதிகமாகப் பதிவானது நம்ம தென்னிந்தியாவில்தான், அதிலும் நீ இருக்கிற கர்நாடகத்தில். ஆனால் அது குளிக்கும்போதே, இல்லாவிட்டால் குளித்து முடித்த கையோடு வரும். நீ குளித்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. உனக்கு வந்தது மறுநாள் விடியற்காலை. பெரியத்தையிடம் இதை நான் சொல்லிப் பார்த்தேன். “அதான் ராத்திரி முழுக்கத் தலையில் ஈரம் இறங்கியிருக்கு” என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

முட்டைக்கோஸ் விஷயம் தூண்டுதல் இல்லை, காரணம் பக்கம் சேர வேண்டியது. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சு சில பேருக்கு மூளையில் போய்த் தங்கி நீர்க்கட்டி ஆகிவிடும். நம் நாட்டில் வலிப்புக்கு அது முக்கியமான காரணங்களில் ஒன்று. காசநோய்க் கட்டியும் அப்படித்தான். பன்றிக்கறியே தொடாத வீட்டிலும் வரும். புழு குடலில் இருக்கிற ஓர் ஆளின் மலத்திலிருந்து முட்டை தண்ணீருக்கும் மண்ணுக்கும் கைக்கும் போய், பச்சையாகத் தின்கிற காய் வழியாகவும் வந்துவிடும். அதனால்தான் உன் டாக்டர் எம்.ஆர்.ஐ. படத்தில் முதலில் அதைத் தேடினார். ஒன்றும் இல்லை. முட்டைக்கோஸை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடு, அவ்வளவுதான்.

மாதவிடாயை மட்டும் எடுக்காதே. சில பெண்களுக்கு அந்த நாட்களை ஒட்டி ஹார்மோன் ஏறி இறங்குவதில் வலிப்பு கூடும். ஒரு தடவையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தேதியைக் குறித்து வை, போதும். டென்ஷனும் அப்படித்தான். அதை அளந்து பார்க்க முடியாது, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்துவிட்டுத்தான் வேலையைக் காட்டும்.

இனி தூக்கம். உன் பட்டியலில் இரண்டாவது. நான் முதலில் வைப்பேன். ஆபீஸில் ரிலீஸ் என்று சொல்லி இரண்டு ராத்திரியும் சேர்த்து நாலு மணிநேரம் தூங்கியிருக்கிறாய். தூக்கம் போதாத மூளை எளிதில் பொறி பறக்கும். ஈ.ஈ.ஜி. எடுக்கிற இடத்திலேயே சில பேரை “ராத்திரி முழுக்க முழித்துவிட்டு வாங்க” என்று சொல்வார்கள். சாதாரண நாளில் ஒளிந்துகொள்வது தூக்கம் கெட்ட மறுநாள் அட்டகாசமாக வெளியே வந்துவிடும் என்பதால்தான். உனக்கு அடுத்த ஈ.ஈ.ஜி. அப்படி எடுக்கச் சொன்னாலும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் நீயாக முழிக்காதே.

இதோடு சேர்த்து டாக்டர் கேட்ட ஒரு கேள்வி உனக்கு விசித்திரமாக இருந்தது என்றாய். ‘காலையில் எழுந்ததும் கை திடீரென்று வெட்டி, பிரஷ்ஷோ டம்ளரோ தெறித்து விழுமா?’ பருவ வயதில் ஆரம்பிக்கிற ஒரு வகை வலிப்பு நோயில் அதுதான் அடையாளம். நினைவு தப்பாது. விடியற்காலையில் கை மட்டும் ஒரு சொடுக்குச் சொடுக்கும், கையிலிருப்பது பறக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் கூடுதலாக இருக்கும். பெரிய வலிப்பு ஒன்று வரும்வரை யாரும் அதை நோயாகவே நினைப்பதில்லை. அது தெரியாமல் வேறு வகைக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளைக் கொடுத்தால் சொடுக்கு இன்னும் அதிகமாகிவிடும். அதனால்தான் அவ்வளவு அழுத்திக் கேட்டிருக்கிறார். நீ இல்லை என்றாய். நானும் உன் அம்மாவும் யோசித்துப் பார்த்தோம், எங்களுக்கும் அப்படி ஒன்றும் நினைவில்லை. இருந்தாலும் இனிமேல் காலையில் உன் கையைக் கவனி.

கடைசி வரிக்கு வருகிறேன்.

அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன் அல்லவா. படம் வந்தபோது ஒருவருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை. கணுக்கால் சுளுக்குக்கு அதைப் போய் ஒரு வேளைக்கு இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறாய். டிராமடால், அபினைப் போல வேலை செய்கிற ஓபியாய்டு இனத்தைச் சேர்ந்த வலி மருந்து. 2018-இல் அதைப் போதை மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். என் கடையில் சீட்டு இல்லாமல் அது கை மாறாது. போதை ஒரு பக்கம் இருக்கட்டும், அது கொஞ்சம் தூண்டுதலிலேயே வலிப்பு வரும்படி செய்துவிடுகிற மருந்து. சரியான அளவில் எடுத்த சிலருக்கே வந்திருக்கிறது. அளவு கூடினாலும், சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தாலும் ஆபத்து ஏறும். அந்த அக்கா மேல் கோபப்படாதே. உன் கால் வீங்கியதைப் பார்த்துப் பாசத்தில் கொடுத்தது அது.

கேஷுவாலிட்டியில் “ரெகுலரா என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். நீ “எதுவும் இல்லை” என்றிருக்கிறாய். கேட்டதற்குச் சரியான பதில்தான், கேள்விதான் போதவில்லை. இனி எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், போன ஒரு வாரத்தில் வாய்க்குள் போன அத்தனையும் சொல். மாத்திரை, டானிக், கஷாயம், லேகியம், ஜிம்மில் கொடுக்கிற பவுடர். அட்டையைக் காட்டினால் இன்னும் நல்லது.

டிராமடால் மட்டும் இல்லை. சிப்ரோஃப்ளாக்சசின் இனத்து ஆன்டிபயாடிக், தூக்கம் வரவைக்கிற பழைய சளி மாத்திரைகள், இவையும் சிலருக்கு அப்படிச் செய்யும். உனக்கு ஒத்துக்கொள்ளவே கொள்ளாது என்று அர்த்தமில்லை. எழுதித் தருகிறவரிடம் “எனக்கு ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கு” என்று சொல்லிவிட வேண்டும். அவர் வேறு ஒன்றைப் பார்ப்பார். பெரியத்தை வீட்டுப் பக்குவத்திலும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் நல்ல ஆளுக்கே வலிப்பு வரும், பிள்ளைகளுக்குக் கொஞ்சமே போதும். யூகலிப்டஸ் தைலத்திலும் அந்தக் குணம் இருக்கிறது. நெஞ்சுச் சளிக்கு வெற்றிலையில் பச்சைக் கற்பூரம் வைத்துக் கொடுத்தால் வாங்காதே. தைலம் ஊற்றி ஆவி பிடிக்கவும் வேண்டாம். வெறும் வெந்நீரில் பிடி.

உன் பட்டியலில் இல்லாத ஒன்று குடி. நீ குடிப்பதில்லை என்று உன் அம்மா நம்புகிறாள், நானும் நம்புகிறேன். எப்போதாவது குடித்திருந்தால் எங்களிடம் சொல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடு. குடிக்கிற நேரத்தைவிட நிறுத்தின பிறகுதான் வலிப்பு வருகிறது. இது நம்ம பக்கத்து ஆட்களுக்குத் தெரிவதே இல்லை. பொங்கல் விடுமுறைக்கு முள்ளோடையைத் தாண்டி பாண்டிப் பக்கம் போய் நாள் கணக்கில் குடித்துவிட்டு வருவார்கள். வீட்டில் சத்தியம் வாங்கி ஒரேயடியாக நிறுத்த வைப்பார்கள். ஆறு மணிநேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் ஆள் விழுந்து இழுப்பார். சத்தியத்தை மீறியதற்கு சாமி கொடுத்த தண்டனை என்று வீட்டார் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள். சத்தியத்தைக் காப்பாற்றியதால் வந்தது என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது!

நீ போனில் கேட்ட கேள்வி இதெல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். ‘திரும்ப வருமாப்பா?’ என்றுதான் கேட்டாய்.

இந்த உலகத்தில் பத்தில் ஒருவர் வரை ஆயுளில் ஒரு தடவை வலிப்பைப் பார்க்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அத்தனை பேருக்கும் வலிப்பு நோய் இல்லை. தூண்டுதல் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் முதல் வலிப்பு வந்த பெரியவர்களில், அடுத்த இரண்டு வருஷத்துக்குள் மறுபடி வருவது நூற்றுக்கு 21-லிருந்து 45 பேருக்கு என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் 2015-இல் தொகுத்துச் சொன்னார்கள். கெட்ட கணக்கிலேயே பாதிக்கு மேல் தப்பிவிடுகிறார்கள். மருந்து மாதிரி உடனடித் தூண்டுதல் இருந்து வந்ததென்றால், அதை விலக்கிவிட்டால், வாய்ப்பு இதைவிடக் குறைவு. உன் அட்டையைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் “அப்படியா, இது கதையை மாற்றுகிறதே” என்று சொன்னது அதனால்தான். ஆனால் மாத்திரைதான் முழுக் காரணம் என்று அவரும் சத்தியம் செய்யவில்லை. அதே மாத்திரையை அதே அளவு எடுத்தும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உன்னிடம் தூக்கமும் போயிருந்தது, மாத்திரையும் சேர்ந்தது. கரையும் சற்றுத் தாழ்வாக இருக்குமோ என்பது இப்போதைக்குத் தெரியாத பாகம். ஈ.ஈ.ஜி. நார்மல் என்ற ஒரு காகிதத்தால் அது தீர்ந்துவிடாது. வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஈ.ஈ.ஜி.யில் ஒன்றும் தெரியாமல் போகும். காலம்தான் காட்டும். அந்தக் காலத்தை எப்படிக் கழிப்பது என்றுதான் நாம் பேச வேண்டும்.

மாத்திரை ஏன் ஆரம்பிக்கவில்லை என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மருந்துக் கடைக்காரன் வீட்டில் மருந்து இல்லாமல் ஒரு வியாதி இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. முதல் வலிப்புக்கே ஆரம்பித்தால் அந்த இரண்டு வருஷத்துக்குள் திரும்ப வருவது குறையும், உண்மை. ஆனால் பல வருஷம் கழித்துப் பார்த்தால் உடனே ஆரம்பித்தவர்களும் பொறுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். 24 மணிநேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு தூண்டுதல் இல்லாமல் இரண்டு தடவை வர வேண்டும், அல்லது ஒரு தடவையே வந்தாலும் ஸ்கேனையோ ஈ.ஈ.ஜி.யையோ பார்த்து மறுபடி வரும் வாய்ப்பு நூற்றுக்கு 60 போல இருக்கிறது என்று தெரிய வேண்டும். அப்போதுதான் வலிப்பு நோய் என்று பெயர் வைத்து மாத்திரை தொடங்குவார்கள். 2014-லிருந்து உலகம் முழுக்க இதுதான் வரையறை. உன் டாக்டர் பொறுத்திருக்கச் சொன்னதில் எனக்குச் சம்மதம்.

ஒருவேளை பின்னால் தொடங்க வேண்டி வந்தால் பயப்படாதே. பத்தில் ஏழு பேர் வரை சரியான மாத்திரையில் வலிப்பே இல்லாமல் வாழ முடியும். கல்யாண வயசுப் பெண் என்பதால் வால்ப்ரோயேட் எழுதினால் மட்டும் “வேறு இருக்கிறதா” என்று ஒரு வார்த்தை கேள். கர்ப்பத்தில் இருக்கிற பிள்ளைக்கு அது கெடுதல், டாக்டர்களுக்கும் அது தெரியும். லெவெடிரசெட்டம் எழுதினால் கோபம் கொஞ்சம் கூடலாம். உனக்கு ஏற்கெனவே இருப்பது போதும் என்று உன் அம்மா சொல்கிறாள். எதுவானாலும் ஆரம்பித்த பிறகு நாமாக நிறுத்தக் கூடாது. கவுண்டரில் நின்று நான் பார்த்த வலிப்புகளில் பாதி மாத்திரையை விட்டதால் வந்தவை. ‘ஒரு வருஷமா வரலையே சார், எதுக்கு மாத்திரை?’ என்று விட்டுவிடுவார்கள். 2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது ரோடெல்லாம் மரம் விழுந்து கரண்டும் இல்லை, கடைகளும் இல்லை. கிராமங்களில் கையிருப்பு தீர்ந்தவர்கள் வர முடியவில்லை. வழி திறந்து அவர்கள் வந்தபோது, விட்ட இடைவெளியில் விழுந்து அடிபட்ட கட்டோடு வந்தவர்கள் இருந்தார்கள். அதிலிருந்து அந்த மாத்திரை வாங்குகிறவர்களிடம் ஐப்பசி பிறந்தாலே பத்து நாளைக்குக் கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் ரூம்மேட்டுக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல். அந்தப் பெண் செய்தது ஒவ்வொன்றும் சரி. தலைக்கடியில் துணி வைத்து, பக்கத்திலிருந்த நாற்காலியைத் தள்ளி, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மொபைலில் நேரம் பார்த்திருக்கிறாள். கையைக் காலை அமுக்கிப் பிடிக்கவில்லை, வாயில் எதையும் திணிக்கவில்லை. கொஞ்சம் வீடியோவும் எடுத்தாளே, அதில் ஆயிரம் ரூபாய் டெஸ்ட்டுக்கு மேல் தகவல் இருந்தது என்று டாக்டரே சொன்னார். நாக்கின் ஓரத்தில் கடிபட்டிருந்ததும், எழுந்த பிறகு அரை மணிநேரம் ஆளை அடையாளம் தெரியாமல் உளறியதும் சேர்ந்துதான் இது வெறும் மயக்கம் இல்லை என்று முடிவு செய்ய உதவியது. வீட்டில் இருக்கிற மற்ற இரண்டு பெண்களுக்கும் அவளையே சொல்லிக்கொடுக்கச் சொல். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் இன்னொன்று வந்தாலோ, தண்ணீரில் வந்தாலோ, அடிபட்டாலோ உடனே 108. முழு நினைவு வரும்வரை வாயில் தண்ணீர்கூட வேண்டாம்.

இங்கே நம்ம வீட்டுக்கு வந்தால் பெரியத்தை உன் தலையணைக்கடியில் இரும்புச் சாவி வைப்பார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். கையில் சாவி கொடுத்ததும் வலிப்பு நின்றது என்று இந்த ஊரில் ஆயிரம் பேர் சாட்சி சொல்வார்கள். ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே நிற்கிற ஒன்றுக்கு, சாவியைத் தேடி எடுத்து வரும் நேரமும் அதேதான். சாவியால் கெடுதல் இல்லை. அதைத் தேடி ஓடுகிற நேரத்தில் ஆளை ஒருக்களிக்க விடாமல் போவதுதான் கெடுதல். சாவியைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டால் யாரும் தேடி ஓட வேண்டாம் என்று நான் அவங்களுக்கு ஒத்துப் பேசிவிட்டேன்.

டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்கூட்டியைத் தொடாதே. லைசென்ஸ் எடுத்தபோது படிவம் ஒன்றில் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று கேட்டிருப்பார்கள், நாம் யாரும் படிக்காமல் ‘இல்லை’ போட்டிருப்போம். இனி அப்படிப் போட முடியாது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாதே, கதவில் ‘ஆள் இருக்கிறது’ என்று அட்டை மாட்டிக்கொள். ஸ்டூலில் உட்கார்ந்து குளி. தனியாக மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்காராதே. இங்கே வந்தால் சில்வர் பீச்சுக்குப் போகலாம், அலையில் காலை நனைக்கலாம், இறங்கக் கூடாது. இவ்வளவுதான் தடை. ஆபீஸ் போகலாம், படிக்கலாம், கால் சரியானதும் நடக்கலாம். ராத்திரி வேலையைக் கொஞ்ச காலத்துக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி மேலாளரிடம் கொடு. என்ன நோய் என்று முழுக்க எழுதத் தேவையில்லை, ‘இரவுப் பணி கூடாது’ என்ற ஒரு வரி போதும்.

கல்யாணம் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. உன் அம்மா ராத்திரி முழுக்க அதையேதான் புரட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதால் எழுதுகிறேன். 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயை ஒரு தடையாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1999-இல் அதை எடுத்துவிட்டார்கள். சட்டமே விட்டுவிட்டதை நாம் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. உனக்கு வந்ததோ ஒரே ஒரு வலிப்பு. ஆனாலும் பேச்சு என்று ஒன்று வந்தால் மறைக்கக் கூடாது, பையனிடம் நீயே நேரில் சொல். கேட்டதும் எழுந்து போகிறவனாக இருந்தால் பந்தலுக்கு முன்னாலேயே போகட்டும். உன் அம்மாவிடமும் இதையே சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் “ஜாதகத்தை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்க வேண்டாம்” என்றாள். அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறாள்.

பட்டியலைத் தூக்கிப் போடாதே. தலைப்பை மாற்றி ஒரு சின்ன நோட்டில் தொடர்ந்து எழுது. படுத்த நேரம், எழுந்த நேரம், மாதவிடாய் தேதி, எடுத்த மருந்து, காய்ச்சல் உண்டா, கை சொடுக்கியதா, வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரியோ இல்லாத வாசனை வருகிற மாதிரியோ நொடிநேரம் இருந்ததா. ஒரு நாளுக்கு இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மணிக்கு மணி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பயமே தூக்கத்தைத் தின்றுவிடும்.

மாதக் கடைசியில் வருகிறேன் என்றாயே, வா. ஜிப்மர் நரம்பியலில் ஒரு தடவை காட்டிவிடலாம். அது இருக்கிற கோரிமேட்டில் காலையிலேயே வரிசை கட்டிவிடும். முதல் நாளே வந்து பாண்டியில் சித்தி வீட்டில் தங்கிவிடுவோம். ராத்திரி பஸ் வேண்டாம். திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக வருகிற பகல் பஸ்ஸாகப் பார்த்து ஏறு, ரூம்மேட்டும் கூட வந்தால் இன்னும் சந்தோஷம், அம்மா அவளுக்குச் சங்கரா மீன் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பாண்டி பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படத்தின் சி.டி.யைக் கேட்டு வாங்கி வா. ஈ.ஈ.ஜி.க்கும் தாள் கொடுப்பார்கள். அந்த மாத்திரை அட்டையில் மிச்சம் இருந்தால் அக்காவிடம் சொல்லி அதையும் எடுத்து வா, நான் கடையில் சேர்த்து அழித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா